தட்டிப் பார்த்து வாங்காத பிள்ளை

வெள்ளவத்தை, கொழும்பு
3 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி வள்ளிநாயகத்துக்கு,

நான் புறப்பட்ட அன்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, கடையில ஒரு பித்தளைப் பானை வாங்கினாலும் நாலு தட்டு தட்டிப் பாத்துத்தான் வாங்குவோம். இவிய எதைத் தட்டிப் பாத்து இந்தப் பிள்ளைய வாங்கப் போறாவ?" டிரைவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே உனக்குப் போதுமாக இருந்தது. என் பதிலுக்கு நீ நிற்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவள் நான். ஒரு கேள்வியை அந்தரத்தில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உன் மகன் மகேஷ்குமாரை நீ எந்தக் கடையில் தட்டிப் பார்த்து வாங்கினாய்? வருஷத்தில் ஒரு நாள் கோயில் கொடைக்கு வருகிறான், மறுநாள் காலையில் பெங்களூர் பஸ். போன் போட்டால் எடுப்பதில்லை என்று நீயே என்னிடம் குறைப்பட்டிருக்கிறாய். ஓசை சரியில்லை என்று அவனைத் திருப்பிக் கொடுத்தாயா? பெற்றாலும் எடுத்தாலும் பிள்ளை தட்டிப் பார்க்காமல்தான் வருகிறது. இது எட்டாம் வகுப்புக்காரனுக்கும் புரியும்.

இனி காரியம். மருமகன் அனில்குமாருக்கு இங்கே வேலை முடிந்து, ஜனவரியிலேயே திருவனந்தபுரத்தில் சேர்ந்துவிட்டான். தத்தெடுக்கும் குழந்தையை நீதிமன்றம் கையில் தரும்வரை லட்சுமிப்ரியா இங்கேதான் இருக்க வேண்டும். மகளுக்குத் துணையாக நான். குழந்தையின் பெயர் தர்ஷிகா. மூன்று வயது இரண்டு மாதம். குழந்தைகள் இல்லத்தில் தினமும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை எங்களோடு விடுகிறார்கள். பன்னிரண்டு அடித்ததும் அவளே எழுந்து செருப்பை மாட்டிக்கொள்கிறாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

குழந்தையை எடுக்கிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊரில் யார் பொறுப்பு என்று ஒரு நெருங்கிய சொந்தம் எழுதித் தர வேண்டும் என்கிறார், இங்கே தத்து விவகாரங்களைப் பார்க்கிற நன்னடத்தை அதிகாரி. லட்சுமிப்ரியாவின் தாய்மாமன் நீ. படிவம் இத்துடன் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்கு என்ற முகவரியும் அதிலேயே உண்டு. மார்ச் 20 விசாரணை.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதாக மீனாட்சி சொன்னாள். உன் மனைவி பொய் சொல்ல மாட்டாள். அதனால்தான் தபால்.

அக்கா
சண்முகவடிவு

*

தாழக்குடி
கொல்லம் 1200, மாசி 4

அக்காள் சண்முகவடிவுக்கு வள்ளிநாயகம் எழுதுவது.

கடிதமும் மேற்படி படிவமும் கிடைத்தன. படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பியிருக்கிறேன். ரிஜிஸ்டர் தபாலில்தான் அனுப்புகிறேன். வரவில்லை என்று நாளைக்குச் சொல்லக் கூடாது.

மகேஷ்குமாரை இதில் இழுக்க வேண்டாம். போன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவன் என் ரத்தம். நான் ஒரு கிடாரி வாங்கப் போனாலே தாய்ப்பசு எத்தனை படி கறந்தது என்று கேட்பேன். நீங்கள் எந்தத் தேயிலைக் காட்டில் எவள் போட்டுவிட்டுப் போனது என்று தெரியாத ஒன்றுக்கு என்னை ஜாமீன் நிற்கச் சொல்கிறீர்கள். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு மார்க்குப் போட்ட டீச்சர், சொந்த மகளுக்குப் புத்தி சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சத்தம் வேண்டும் என்றால் ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கள். அதற்குக் கோர்ட்டு வேண்டாம்.

சித்திரையில் கொடை வருகிறது. இசக்கியம்மை முன்னால் விளக்கெடுப்பது நம் குடும்பத்துப் பெண்பிள்ளை. அதுவும் முதல் உரிமை பெண்வழிக்கு, அதாவது உங்கள் வழிக்கு. லட்சுமிப்ரியாவுக்குப் பிள்ளை இல்லாததால் ஐந்து வருஷமாக மகேஷின் மகள் எடுக்கிறாள். இனி அது வந்து எடுக்குமோ? ஊர்க்காரன் ஒருத்தன் நேற்றே டீக்கடையில் கேட்டுவிட்டான். "வள்ளிநாயகம் அண்ணாச்சி, இந்த வருசம் விளக்கு சிலோன் கப்பல்ல வருதாமே?" எல்லாரும் சிரித்தார்கள். கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு வயதாகிவிட்டது. திரும்பி வாருங்கள், தனியாக.

வள்ளிநாயகம்

*

கொழும்பு
1 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை லட்சுமிப்ரியாவிடம் காட்டவில்லை. நாய்க்குட்டி என்ற இடத்தை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். எழுதும்போது நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருப்பாய் என்றுகூட எனக்குத் தெரியும்.

ரத்தம் என்கிறாய். நீ விதைக்கிற நெல் நம் அப்பா விதைத்த நெல்லா? வருஷா வருஷம் விதை கடையில் வாங்குகிறாய். எந்த ஊரில் எந்த வயலில் விளைந்தது என்று மூட்டையைப் பிடித்து விசாரித்தாயா? அறுத்துக் களத்தில் கொட்டியதும், "எனக்க நெல்லு, ஒருத்தன் மிதிக்கப்பிடாது" என்று கத்துகிறாய். உழுது தண்ணீர் பாய்ச்சிக் களை எடுத்ததால் அது உன் நெல். நியாயம்தான். அந்த நியாயத்தைப் பிள்ளைக்கும் கொடு.

அது போதாதென்றால் நம் வீட்டையே எடுத்துக்கொள். நீ கால் நீட்டிப் படுத்திருக்கிற அந்த வீடு நம் தாத்தாவுக்கு எப்படி வந்தது? மருமக்கள் வழியில், தாய்மாமன் கையிலிருந்து வந்தது. அந்தத் தாய்மாமனுக்குச் சொந்தமாக மூன்று பையன்கள் இருந்தார்கள். அவர்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெற்ற மகன் வேறு குடும்பம் என்று சொன்ன ஊர் நம் ஊர். பிறகு சட்டம் மாறியது. அன்று முதல் மகன்தான் வாரிசு, மருமகன் விருந்தாளி. ஒரே நாளில் யாருக்கு எந்த ரத்தம் மாறியது, சொல் பார்ப்போம். யார் நம்மவர் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி எழுதினார்கள். இன்று ஒரு நீதிபதி எழுதப் போகிறார். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதை வைத்து வீட்டை வாங்கிக்கொண்டவன், இப்போது எழுதுவதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறாய்.

டீக்கடையில் சிரித்தவர்களுக்காகக் கிளாஸைப் பாதியில் வைத்தேன் என்கிறாய். அது நல்ல டீயாக இருந்திருக்காது, விட்டுவிடு.

தர்ஷிகா என்னை அம்மம்மா என்று கூப்பிடுகிறாள். இந்த ஊரில் தாயின் அம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள். நேற்று அவளுக்கு இளஞ்சிவப்பில் ஒரு ஷூ வாங்கினோம். அதைக் காலில் போட மறுத்துவிட்டாள். "இது வீட்டுக்குப் போகேக்க போடுறது" என்று சொல்லிக் கைகளில் மாட்டிக்கொண்டு தவழ்ந்தாள்.

படிவத்தை மீண்டும் அனுப்புகிறேன்.

அக்கா

*

கொழும்பு
21 மார்ச் 2025

வள்ளிநாயகத்துக்கு,

நேற்றைய விசாரணை நடக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் முறையாகச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு இல்லத்தில் குழந்தையைக் குளிப்பாட்டி, பை கட்டி, எங்களோடு அனுப்பினார்கள். அந்த ஷூவை முதன்முறையாகக் காலில் போட்டிருந்தாள். நீதிமன்ற வராந்தாவில் நன்னடத்தை அதிகாரி எங்களை ஓரமாக அழைத்தார். நல்ல பெண்மணி. கையில் ஒரு கடிதம் இருந்தது. கையெழுத்து இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. லட்சுமிப்ரியா இந்தக் குழந்தையை வளர்ப்பதற்காக எடுக்கவில்லை, ஊரில் வீட்டு வேலைக்கு ஆள் இல்லாததால் சிறுசிலேயே பிடித்துக்கொண்டு போகிறாள் என்று அதில் எழுதியிருந்தது. அனில்குமார் குடிகாரன் என்றும் இருந்தது. அவன் காப்பிகூடக் குடிப்பதில்லை.

அந்த அதிகாரி என்னிடம் கேட்டார்: "அம்மா, இதில ஆயிரத்து இருநூறாம் ஆண்டு மாசி பதினொண்டு எண்டு போட்டுக் கிடக்கு. இது என்ன, எண்ணூறு வருசத்துப் பழைய கடிதமோ?"

எனக்கு ஒரு மாணவன் இருந்தான். நான் வகுப்புக்குள் வருவதற்குள் கரும்பலகையில் என்னைப் பற்றி அசிங்கமாக ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவிட்டான். ஆனால் பழக்கம் விடவில்லை. வலது மூலையில் தேதி போட்டு, அடியில் கோடும் இழுத்திருந்தான். அந்த வகுப்பில் தேதிக்குக் கோடு போடுகிறவன் ஒருத்தன்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. உனக்கு அறுபத்தொன்று. பெயரை மறைக்கத் தெரிந்த உனக்கு நம் ஊர்க் கொல்லம் ஆண்டுக் கணக்கை மறைக்கத் தோன்றவில்லை. மொட்டைக் கடிதம் எழுதும்போதும் தேதி முறைப்படி இருக்க வேண்டும் உனக்கு. 'மேற்படி' என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் வருகிறது. முகவரியை நான் அனுப்பிய படிவத்திலிருந்தே எடுத்திருக்கிறாய். இவ்வளவு சிரமப்பட்டதற்கு அந்தப் படிவத்திலேயே ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம். மை குறைவாகச் செலவாகியிருக்கும்.

யார் எழுதியது தெரியுமா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்குக் கூடப் பிறந்தவன்" என்றேன். அவர் கடிதத்தை மடித்தார். பிறகு, எழுதியது யாராக இருந்தாலும் விசாரிக்காமல் விட முடியாது, நாகர்கோவிலிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் ஊருக்கு வந்து கேட்பார், அதுவரை குழந்தை இல்லத்தில்தான் என்றார். பொறுப்புக்கும் உன்னைத் தவிர வேறு ஆளைத் தேடச் சொன்னார்.

லட்சுமிப்ரியா அந்தக் கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். அழவில்லை. "பள்ளிக்கூடம் லீவு விட்டா மாமாவுக்கு வயலுக்குக் கஞ்சி சுமந்தது நானுல்லா? வீட்டு வேலைக்குப் பிள்ளையள வச்சிருந்தது அவியதான். அந்த ஞாபகத்துல எழுதிட்டாவ போல" என்றாள். அவ்வளவுதான்.

குழந்தையைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். வாசலில் வைத்துத் தானே ஷூவைக் கழற்றி என்னிடம் தந்தாள். "நாளைக்கோ, அம்மம்மா?" என்றாள். ஷூவை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பொறுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது. கடியப்பட்டணம் பெனின். என்னிடம் படித்தவன். அனில்குமாருக்கும் சிநேகிதம். போனில் விஷயத்தைச் சொன்னதும், "டீச்சர், எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

"வாசிக்காம போடாத மக்கா. பெரிய பொறுப்பு" என்றேன்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "வாசிச்சேன் டீச்சர். எதிர்பாராதது ஏதும் நடந்தால்னு எழுதியிருக்கே, கடலுக்குப் போற எனக்குத்தான் அது முதல்ல நடக்கும். அதனால சபிதா பேரையும் சேத்துப் போட்டுட்டோம். அவ கேக்கா, பிள்ளை மீன் திங்குமான்னு."

சபிதா அவன் மனைவி. உனக்கு அவர்களைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் உனக்கு இல்லை.

சண்முகவடிவு

*

தாழக்குடி
கொல்லம் 1200, பங்குனி 22

அக்காளுக்கு,

மேற்படி மொட்டைக் கடிதத்தை நான் எழுதினேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? கொல்லம் ஆண்டு போடுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தானா? ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் அதைப் பற்றி இனி பேச விருப்பமில்லை.

நேற்று ஜிஷா என்று ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். சமூகப் பணியாளராம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பலசரக்குக் கடையில் விசாரித்திருக்கிறாள், கோயிலில் விசாரித்திருக்கிறாள், அந்த டீக்கடையிலும் விசாரித்திருக்கிறாள். என்னைப் பற்றி! உட்காரச் சொன்னேன். மீனாட்சி காப்பி கொண்டு வந்தாள். அந்தப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே கேட்கிறாள்: "சார், உங்க குடும்பத்துல ஒரு பிள்ளைய வச்சுப் பாக்க வசதிக் குறைவு ஏதும் உண்டா? அதனாலதான் வெளியாள் கையெழுத்துப் போட்டிருக்காவளா?"

வசதிக் குறைவு! பத்தாயம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு நான் கேட்க வேண்டிய கேள்வி. மீனாட்சி உள்ளே நின்றுகொண்டு எனக்குக் கேட்கும்படியாகவே, "வசதிக்கு ஒரு கொறவும் இல்ல மக்கா, மனசுக்குத்தான்" என்கிறாள். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

வலை இழுக்கிறவன் ஒருத்தன் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஜாமீனா? அக்காளே, உங்களுக்குக் கூச்சம் என்று ஒன்று இல்லையா? நாளைக்கு அவன் வந்து, "இது எனக்க பொறுப்புல உள்ள பிள்ளை" என்று நம் முற்றத்தில் நின்று சொன்னால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெளியே இறங்குவேன்? அவன் ஆள் எப்படி, குலம் எப்படி என்று எதைத் தெரிந்துகொண்டு அவனிடம் போனீர்கள்?

ஆகவே இத்துடன் பொறுப்பேற்புத் தாள் வைத்திருக்கிறேன். நோட்டரி கையெழுத்தும் முத்திரையும் உண்டு. நான் எழுதியதை அப்படியே அந்த அம்மாளிடம் கொடுங்கள்: 'எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டில் பெயர் பெற்ற குடும்பம். எங்கள் குடும்பத்துக்குள் வந்த எதுவும் பட்டினி கிடந்ததில்லை. எங்கள் குடும்பப் பெருமைக்கு இழுக்கு வராதபடி மேற்படி குழந்தையை எங்கள் குடும்பமே பார்த்துக்கொள்ளும்.' அந்தக் கடலோரத்துத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

இது அதற்காக அல்ல. குடும்பத்துக்காக.

வள்ளிநாயகம்

*

தாழக்குடி
கொல்லம் 1200, சித்திரை 13

அக்காளுக்கு,

மேற்படி தாள் கிடைத்ததா இல்லையா? ஒப்புகைச் சீட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? பதில் எழுத ஒரு அஞ்சல் அட்டைக்கு அந்த ஊரில் பஞ்சமா?

கொடை முடிந்தது. மகேஷ்குமாருக்கு லீவு கிடைக்கவில்லையாம். அவன் மகளுக்கு ஏதோ நடன வகுப்பு. விளக்கை எடுக்க ஆள் இல்லாமல் பூசாரியே கொண்டு வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் ஒரு மாதிரியாக இருந்தது.

மீனாட்சி என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

கோர்ட்டு எப்போது?

வள்ளிநாயகம்

*

கொழும்பு
9 மே 2025

அன்புள்ள தம்பி,

நேற்று தீர்ப்பு வந்தது. தர்ஷிகா இனி லட்சுமிப்ரியாவுக்கும் அனில்குமாருக்கும் மகள். அனில்குமார் முந்தைய நாளே வந்துவிட்டான். ஜிஷாவின் அறிக்கை நான்கு பக்கம். தாய்மாமன் வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் குழந்தை அங்கே வளரப் போவதில்லை என்று நேராக எழுதியிருந்தாளாம். நீதிபதி படித்துவிட்டு, பொறுப்பேற்றவர் யார் என்று கேட்டார். பெனினின் தாளைக் கொடுத்தார்கள். அதில் இரண்டே வரி. 'பிள்ளைக்கு யாரும் இல்லாமல் போனால் நாங்கள் உண்டு. எங்கள் மகன் பிரபினோடு ஒன்றாக வளரும்.' அடியில் இரண்டு கையெழுத்து. வேறு எதுவும் கேட்கவில்லை அவர்.

உன் தாள் ஏப்ரலிலேயே என் கைக்கு வந்தது. அதை அவர்களிடம் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; முத்திரை கசங்காமல் இருக்கிறது, பார்த்துக்கொள். பதில் எழுதாததற்கும் காரணம் சொல்ல வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் குழந்தை ஷூவைக் கழற்றித் தந்ததுதான் முன்னால் வந்தது. அந்தக் கோபத்தோடு எழுதினால், நீ லட்சுமிப்ரியாவைப் பற்றி எழுதிய மாதிரியே நான் உன்னைப் பற்றி எழுதிவிடுவேன். அந்த அளவுக்கு இறங்க எனக்குச் சம்மதமில்லை.

உன் தாளை ஏன் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாய். பரீட்சைத் தாள் திருத்துகிறபோது ஒரு வகைத் தாள் வரும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பக்கம் நிறைந்திருக்கும், ஒரு பிழை இருக்காது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. அந்தத் தாளுக்கு மார்க்குப் போட எனக்குக் கை வராது. படிவத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் குழந்தை அநாதையாக நின்றால் தூக்குவாயா? நீ உன் பெருமையைத் தூக்கியிருக்கிறாய். பெனின் மீது உனக்கு இருக்கிற இளக்காரம், இந்தக் குழந்தை மீது இருந்த இளக்காரத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது. அதனால் கையெழுத்து விழுந்தது. நாளைக்கு அவனைவிட மட்டமாக நீ நினைக்கிற வேறொருவன் வந்தால் பெனினும் உனக்கு உறவாகிவிடுவான். இப்படி ஒருவரை வைத்து ஒருவரைத் தள்ளுகிற கையில் ஒரு பிள்ளையைக் கொடுக்க முடியாது. எடுத்துக்கொள்கிற கை வேறு.

கொடையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு லட்சுமிப்ரியா கடிதத்தை என்னிடமே தந்துவிட்டாள். நான் சொல்கிறேன்: விளக்குக்காக என் பேத்தியை அனுப்ப மாட்டேன். அவள் வந்தால் விருந்துக்கு வருவாள், விளையாட வருவாள். ஆள் இல்லாத இடத்தை நிரப்ப வர மாட்டாள்.

பத்தொன்பதாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறோம். விமான நிலையத்துக்கு பெனினும் சபிதாவும் வருகிறார்கள். மீனாட்சிக்கும் சொல்லிவிட்டேன், தன் தம்பி சுதனின் காரில் வருவதாகச் சொன்னாள். உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். அந்தக் காரில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் சும்மா ஏறிவிடாதே. அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு.

ஒரு வெள்ளைத் தாளை எடு. அதே பொறுப்பேற்பை மறுபடியும் எழுது. இந்த முறை 'எங்கள் குடும்பம்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட வராமல் எழுதிப் பார்.

அக்கா
சண்முகவடிவு